வீட்டு ஸ்டுடியோவில் அந்த ‘ம்ம்ம்’ எங்கிருந்து வருகிறது?

வீட்டில் ஒரு அறையை ஸ்டுடியோவாக மாற்றப் போகிறேன் என்று சொல்பவர்கள் கரண்ட் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “தனி லைன் இழுக்கணுமா, லோடு தாங்குமா?” தாங்கும். கணக்கு போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும்.

லேப்டாப் சார்ஜர் 65 வாட். மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ், யு.எஸ்.பி.யில் ஓடுவது, 2.5 வாட், கொஞ்சம் பெரியதென்றால் 4.5. கீபோர்டு அடாப்டர் பத்துப் பன்னிரண்டு வாட். பதிவைக் கேட்டு மிக்ஸ் செய்ய வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் அட்டைப்பெட்டியில் 70 வாட், 100 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் கொடுக்கக்கூடிய சக்தி. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத அளவு சத்தத்தில் மிக்ஸ் செய்யும்போது ஒரு சோடி ஸ்பீக்கர் சுவரிலிருந்து இழுப்பது சராசரியாக 20, 30 வாட்தான். டெஸ்க்டாப் கணினி வைத்திருந்தால் இன்னும் 150, 200 வாட் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்தும் 350 வாட்டைத் தாண்டுவது கஷ்டம். நம் வீட்டுச் சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட், 230 வோல்ட்டில், 1380 வாட் வரை கொடுக்கும். விதிவிலக்கு என்றால் வால்வு கிட்டார் ஆம்ப்தான், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அதன் வால்வுகளைச் சூடாக வைத்திருக்கவே கரண்ட் போய்க்கொண்டிருக்கும்.

பில் ஏறினால் திட்ட வேண்டியது ஏ.சி.யை. ஒன்றரை டன் ஏ.சி., கம்ப்ரஸர் முழுசாக ஓடும்போது, ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட்டுக்கு மேல் தின்றுவிடும். லேப்டாப், ஸ்பீக்கர், கீபோர்டு, இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் ஆறு மணி நேரம் ஓட்டினாலும் அந்த ஒரு யூனிட்டைத் தொடாது. சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னலை அடைத்துவிட்டதால் ஏ.சி. இல்லாமல் உட்காரவும் முடியாது, அது வேறு விஷயம்.

ஆக, எவ்வளவு கரண்ட் என்பதில் பெரிய பிரச்சினை இல்லை. அது எந்த வழியாக வந்து எந்த வழியாகத் திரும்புகிறது என்பதில்தான் எல்லாத் தொல்லையும் இருக்கிறது.

தொல்லை என்று சொல்வது ஹம். பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று கேட்குமே, அது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவதால் அந்தச் சத்தம் 50 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளான 100, 150, 200-லும் இருக்கும். இதில் நம் சங்கீதத்துக்கென்றே ஒரு வேடிக்கை உண்டு. பல பெண் பாடகர்கள் பாடும் ஐந்து கட்டை சுருதியில் ஆதார ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், தம்புராவின் மந்தர ஷட்ஜம் 98. ஹம்மின் 200-ம் 100-ம் அதற்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும். 196-ம் 200-ம் சேர்ந்தால் நொடிக்கு நான்கு முறை ஓர் அலைவு கேட்கும், 98-ம் 100-ம் சேர்ந்தால் இரண்டு முறை. தம்புரா சரியாகச் சேரவில்லை என்று பாடகர் திரும்பத் திரும்பப் பிருடையைத் திருகிக்கொண்டிருப்பார், தப்பு தம்புராவில் இருக்காது. பிறகு ஈக்வலைசரில் 100-ஐயும் 200-ஐயும் வெட்டலாம் என்று போனால் கூடவே ஷட்ஜமும் மெலிந்துபோகும். அதனால் இதைப் பதிவுக்குப் பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று விடாமல் வருகிற இடத்திலேயே பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

வருகிற இடம் பெரும்பாலும் கிரவுண்ட் லூப். கணினியின் மூன்று முள் பிளக் ஒரு சுவரில், ஸ்பீக்கரின் பிளக் எதிர்ச் சுவரில் என்று வையுங்கள். இரண்டிலும் எர்த் முள் இருக்கிறது, இரண்டு எர்த் கம்பிகளும் சுவருக்குள் வெவ்வேறு பாதையில் ஓடி எங்கோ ஒன்று சேர்கின்றன. அந்தக் கம்பிகளில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றின் கசிவுக் கரண்ட் கொஞ்சம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு பிளக்கின் எர்த் முள்ளுக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். இது சாதாரணம், ஆபத்தும் இல்லை. ஆனால் நீங்கள் கணினியிலிருந்து ஸ்பீக்கருக்கு ஓர் ஆடியோ கேபிளைச் செருகியதும் அதன் வெளிப்பின்னல் இரண்டு எர்த்தையும் இணைத்து வளையத்தை மூடிவிடுகிறது. அந்த மில்லிவோல்ட் வித்தியாசம் பின்னல் வழியாக 50 ஹெர்ட்ஸ் கரண்டை ஓட்டும், சாதாரண இரட்டைக் கம்பி கேபிளில் அந்தப் பின்னலேதான் சிக்னலின் திரும்பும் வழியும். சிக்னலோடு ஹம்மும் சேர்ந்து பயணம் செய்கிறது. வீட்டு உபயோக ஆடியோ சாதனங்களில் சிக்னல் அளவு சுமார் 0.3 வோல்ட். அதில் ஒரே ஒரு மில்லிவோல்ட் ஹம் கலந்தாலும் அது சிக்னலுக்கு 50 டெசிபல்தான் கீழே நிற்கும். சினிமாப் பாட்டின் தாளவாத்தியக் கூட்டத்தில் தெரியாது. ஆலாபனையின் மூச்சு இடைவெளியில் நன்றாகத் தெரியும்.

இதற்கு முதல் மருந்து பைசா செலவில்லாதது: எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து எடுங்கள். “ஒரே பாயின்டில் இத்தனையா” என்று பயம் வரும், மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். எல்லா எர்த் முள்ளும் ஓரடிக்குள் ஒரே தகட்டில் சேர்ந்துவிட்டால் வித்தியாசம் வர இடமில்லை. ஏ.சி., அயர்ன் பாக்ஸ், கெட்டில் மட்டும் அந்தப் பக்கமே வரக் கூடாது. பாக்ஸ் நல்ல கனமான ஒயரோடு இருக்கட்டும், ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகிக்கொண்டே போகாதீர்கள்.

இரண்டாவது மருந்து பேலன்ஸ்டு கேபிள், அதாவது எக்ஸ்.எல்.ஆர். அல்லது டி.ஆர்.எஸ். முனை உள்ளது. இதில் ஒரே சிக்னல் இரண்டு கம்பிகளில் எதிரெதிர் முகமாகப் போகும், பின்னல் தனி. வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஒட்டும். ஸ்பீக்கர் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் சிக்னல் இரட்டிப்பாகி இரைச்சல் கழிந்துவிடும். உங்கள் இன்டர்ஃபேஸிலும் ஸ்பீக்கரிலும் அந்தத் துளைகள் ஏற்கெனவே இருக்கும், கேபிள் வாங்கும்போது முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பேலன்ஸ்டு அல்லாத மோனோ கேபிளைச் செருகி வைத்திருப்பார்கள்.

மூன்றாவதாக ஒரு ‘மருந்து’ புழக்கத்தில் இருக்கிறது. எர்த் முள்ளை உடைத்து விடுவது, அல்லது இரண்டு முள் கன்வெர்ட்டர் போடுவது. ஹம் உடனே நிற்கும், உண்மைதான், வளையம் அறுந்துவிட்டதே. ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு ஃபேஸ் ஒயர் தளர்ந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், எர்த் இருந்தால் பெரும் கரண்ட் ஓடி ஃபியூஸோ எம்.சி.பி.யோ விழும். எர்த் இல்லையென்றால் பெட்டி அமைதியாக 230 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதோடு இணைந்த கிட்டாரின் கம்பிகளும்தான். கை கம்பியில், உதடு மைக்கின் உலோக வலையில். இப்படி மேடையிலேயே இறந்த இசைக்கலைஞர்கள் உண்டு. ஹம் போக வேண்டும் என்றால் கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே செருகும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டி.ஐ. பாக்ஸ் போடுங்கள், அது சிக்னல் பக்கத்து எர்த்தை மட்டும் பிரிக்கும். மின் எர்த்தில் கை வைக்காதீர்கள்.

சரி, அந்த எர்த் முள்ளுக்குப் பின்னால் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா? பழைய வீடுகளில் மூன்றாவது துளை சும்மா அழகுக்கு இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230-ஐ ஒட்டி, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். கடைசி எண் பத்து இருபது என்று ஏறியிருந்தால் நியூட்ரலிலோ எர்த் குழியிலோ கோளாறு. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பொருளும் மின்னல் எழுச்சியின் ஒரு பங்கை எர்த்துக்குத் தள்ளித்தான் வேலை செய்கிறது, எர்த் இல்லாத வீட்டில் அதில் பாதி வேலை நடக்காது.

லேப்டாப்காரர்களுக்கு இன்னொரு வகை இரைச்சல் உண்டு. சார்ஜர் போட்டபடி உலோக உடம்பு லேப்டாப்பைப் புறங்கையால் மெதுவாகத் தடவினால் குறுகுறுவென்று ஓர் அதிர்வு தெரியும். சார்ஜருக்குள் மின்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே இரைச்சலை அடக்க ஒரு சிறு கப்பாசிட்டர் வைத்திருக்கிறார்கள். இரண்டு முள் பிளக்காக இருந்தால், அதன் வழியாக லேப்டாப் முழுக்க ஏறக்குறைய நூறு வோல்ட் அளவில் மிதக்கும். கரண்ட் மிக மிகக் குறைவு, உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் கசிவு யு.எஸ்.பி. வழியாக இன்டர்ஃபேஸுக்கும் அங்கிருந்து ஸ்பீக்கருக்கும் எர்த் தேடிப் போகும்போது ‘ஸ்ஸ்ர்’ என்று ஒரு கரகரப்பாகக் கேட்கும். சோதனை சுலபம்: ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, மைக்கின் கெய்னை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்றி வைத்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் அந்தக் கணமே போனால் குற்றவாளி அதுதான். மூன்று முள் கம்பியோடு வரும் சார்ஜராக மாற்றி அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அவசரத்துக்கு, டேக் எடுக்கும் நேரம் மட்டும் பேட்டரியில் ஓட்டுங்கள். மவுஸை நகர்த்தும்போது கீச்சென்று கேட்கிறதா, அதுவும் கணினியின் மின் இரைச்சல் யு.எஸ்.பி.யின் எர்த் கம்பியில் ஏறி வருவதுதான்.

யு.எஸ்.பி. என்றதும் கண்டென்சர் மைக் வேலை செய்ய அதன் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேன்டம் பவர், நினைவுக்கு வருகிறது. யு.எஸ்.பி.யில் வருவது 5 வோல்ட், அதை இன்டர்ஃபேஸ் உள்ளேயே 48-ஆக உயர்த்திக் கொடுக்கிறது. ஏன் 48? 1966-இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்கு கே.எம். 84 என்ற டிரான்சிஸ்டர் மைக்கைக் காட்டியபோது, அந்த ஸ்டுடியோக்களில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள், உலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. கரண்ட் போனால் எரிய வேண்டிய விளக்கின் வோல்டேஜில்தான் இன்று நம் வீட்டு மைக் ஓடுகிறது. நடைமுறையில் கவனிக்க வேண்டியது: யு.எஸ்.பி. 2.0-வின் 2.5 வாட்டுக்குள் இரண்டு மைக், ஒரு ஹெட்ஃபோன் எல்லாம் அடங்க வேண்டும். அதே துளையில் ஹப் போட்டு ஹார்டு டிஸ்க், டாங்கிள் என்று தொங்கவிட்டால் பதிவின் நடுவே ‘டக்’ என்று இன்டர்ஃபேஸ் காணாமல் போகும். மென்பொருளைத் திட்டுவதற்கு முன் ஹப்பைக் கழற்றிப் பாருங்கள்.

கரண்ட் கட்டுக்கு வருவோம். டெஸ்க்டாப்பின் பவர் சப்ளை, கரண்ட் அறுந்த பிறகும் சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்படுகிறது, யு.பி.எஸ். அதற்குள் பேட்டரிக்கு மாறிவிட வேண்டும், மாறிவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். மோட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு வைத்தால்தான் அந்த வேகம் கிடைக்கும். 600 வி.ஏ. என்று எழுதியிருக்கும் சின்ன யு.பி.எஸ். உண்மையில் தாங்குவது பெரும்பாலும் 360 வாட்தான். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 84 வாட்-அவர் சக்தி. 150 வாட் இழுத்தால் காகிதத்தில் அரை மணிக்கு மேல், நிஜத்தில் அதில் பாதி. சேவ் செய்து அணைக்க அது போதும், மிக்ஸ் செய்ய அல்ல. ஸ்பீக்கரை யு.பி.எஸ்.ஸில் போடவே வேண்டாம். மலிவான யு.பி.எஸ்., பழைய இன்வெர்ட்டர் இரண்டும் பேட்டரியில் ஓடும்போது சைன் அலைக்குப் பதில் சதுரமான அலையைத் தரும். சதுர அலை என்றால் 50-ஓடு 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் எல்லாம் கூடவே வரும் என்று அர்த்தம், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்பீக்கரோ மிக்சரோ அதில் ரீங்காரமிடும். ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இதற்குத்தான், நியாயமான காசு. லேப்டாப் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலியே இல்லை, அதற்குள்ளேயே யு.பி.எஸ். இருக்கிறது.

கரண்ட் போனதும் ஸ்பீக்கர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது எல்லாம் ஒரே நொடியில் உயிர்பெறும், இன்டர்ஃபேஸின் உள்சுற்று நிலைக்கு வரும்முன் அதன் வெளியீட்டில் ஒரு வோல்டேஜ் குதி குதிக்கும், ஸ்பீக்கர் ஏற்கெனவே விழித்திருந்தால் அதைப் பெருக்கி ‘தொப்’ என்று கோனில் அடிக்கும். கணினி, இன்டர்ஃபேஸ், கடைசியில் ஸ்பீக்கர் என்ற வரிசையில் போட வேண்டும், அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில் என்று சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

ஃபேன் ரெகுலேட்டரையும் சந்தேகப்பட வேண்டும். திருகத் திருக வேகம் சீராக மாறும் வகை, ஒவ்வோர் அரை அலையையும் நடுவில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு நொடிக்கு 100 முறை ஒரு சிறு மின் வெடிப்பாகப் பரவி, எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் சிங்கிள் காயில் பிக்கப்பில் ‘பர்ர்’ என்று விழும். படிப்படியாக மாறும் கப்பாசிட்டர் ரெகுலேட்டரில் அது கிடையாது. விளக்கு டிம்மருக்கும் இதே கதை.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று கேட்பவர்கள் அடாப்டரைத் திருப்பிப் பார்க்கட்டும். 100–240 என்று இருந்தால் லோ வோல்டேஜெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை, ஸ்டெபிலைசரின் ரிலே ‘டிக் டிக்’ என்று மைக்கில் விழுவதுதான் மிச்சம். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த ஸ்பீக்கராக இருந்தால் மட்டும் பின்னால் குனிந்து பாருங்கள். சிலவற்றில் 115/230 என்று ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும், அது 115-இல் இருக்கையில் நம் பிளக்கில் செருகினால் ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம். சுவிட்சும் இல்லாமல் 120 என்று மட்டும் எழுதியிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்வரை அது பெட்டியிலேயே இருக்கட்டும்.