குடித்தனம்: வங்கி மென்பொருளில் வரும் ‘ஹவுஸ்ஹோல்டு’ என்னும் சொல்

மொரீசியசின் எபேன் சைபர்சிட்டியில் வங்கிப் பணியிலோ வங்கிகளுக்கான மென்பொருள் பணியிலோ இருந்துகொண்டு, சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் ‘ஃபைனான்சியல் சர்வீசஸ் கிளவுட்’ என்னும் வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளில் சான்றிதழ் பெறப் படிப்பவர் எவரும் ‘ஹவுஸ்ஹோல்டு’ என்னும் சொல்லைத் தாண்டாமல் போக முடியாது. தெரிந்த சொல்தானே என்று அதைக் ‘குடும்பம்’ என மனத்துக்குள் மாற்றிக்கொண்டு மேலே படிப்பது தமிழர்களின் வழக்கம். ஒரு வாடிக்கையாளரின் நிலைமையைச் சில வரிகளில் விவரித்து, இதை மென்பொருளில் எப்படி அமைப்பீர்கள் என்று கேட்கும் வினாக்களில் அந்த மாற்றமே காலை வாரிவிடும். (மொரீசியசில் படிப்பவர்களுக்கு இன்னொரு சிறு தொல்லையும் உண்டு. மென்பொருளின் பெயரைச் சுருக்கினால் எஃப்எஸ்சி என்று வரும். நாட்டின் நிதிச் சேவை ஆணையத்தின் சுருக்கமும் அதுவே, அதன் அலுவலகம் இருப்பதும் எபேனில்தான். எந்த எஃப்எஸ்சியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைப் பேச்சின் போக்கை வைத்துத்தான் அறிய வேண்டும்.)

மென்பொருளுக்குள் இச்சொல்லின் பொருள் மிகக் குறுகலானது. சேல்ஸ்ஃபோர்ஸில் ‘அக்கவுண்ட்’ என்பது வங்கிக் கணக்கு அன்று. நாம் உறவு வைத்திருக்கும் ஒரு தரப்பைப் பற்றிய பதிவு. தனிமனிதர் ஒருவருக்கு ஒரு பதிவு, நிறுவனத்துக்கு ஒரு பதிவு என்று வைப்பதைப் போலவே, சில மனிதர்களைச் சேர்த்த குழுவுக்கும் ஒரு பதிவு வைக்கலாம். அந்தக் குழுப் பதிவின் வகைதான் ஹவுஸ்ஹோல்டு. சேமிப்புக் கணக்கு, கடன், முதலீடு ஆகியவை ‘ஃபைனான்சியல் அக்கவுண்ட்’ என்னும் வேறொரு பதிவில் இருக்கும். இரண்டையும் தமிழில் ‘கணக்கு’ என்றே சொல்லிப் பழகியவர்கள் முதல் வாரத்திலேயே குழம்புவார்கள்; முன்னதை ‘வாடிக்கையாளர் பதிவு’ என்றும் பின்னதை ‘நிதிக் கணக்கு’ என்றும் பிரித்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீரும். ஒருவர் குழுவில் உறுப்பினர் என்பதைக் காட்டும் இணைப்பும் தனியாக ஒரு பதிவே. அவருடைய பங்கு என்ன, குழுவின் முதன்மை உறுப்பினர் அவரா, அவருக்கு இதுதான் முதன்மைக் குழுவா என்ற செய்திகள் யாவும் அந்த இணைப்பில்தான் குறிக்கப்படுகின்றன.

இவற்றுள் கடைசியாகச் சொன்ன குறிதான் சூட்சுமம். ஒருவர் எத்தனை குழுக்களில் வேண்டுமானாலும் உறுப்பினராக இருக்கலாம். ஆனால் அவருக்கு முதன்மைக் குழு ஒன்றே ஒன்றுதான். அவர் முதன்மை உரிமையாளராக இருக்கும் நிதிக் கணக்குகளின் தொகை அந்த ஒரு குழுவில் மட்டுமே திரளும்.

மொரீசியசின் ரோஸ்ஹில் நகரில், ‘லாகூர்’ எனப்படும் ஒரே வீட்டு வளாகத்துக்குள் இரண்டு வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். சிறிய வீட்டில் கணவரை இழந்த தாய் தனியாகச் சமைத்துக்கொண்டு இருக்கிறார். அவருக்கு 300,000 ரூபாய் சேமிப்பு உண்டு. பெரிய வீட்டில் மூத்த மகனும் மருமகளும் இருக்கிறார்கள். இருவர் பேரிலும் 500,000 ரூபாய்க்கு ஒரு கூட்டுக் கணக்கு, மகன் பேரில் 1,200,000 ரூபாய் வீட்டுக் கடன். வங்கியின் ஆலோசகர் தாய்க்கென ஒரு குழுவும் மகனுக்கென ஒரு குழுவும் உருவாக்கி, மகனுடைய குழுவிலும் தாயை உறுப்பினராகச் சேர்க்கிறார். மகனுடைய குழுவைத் திறந்தால் உறுப்பினர் பட்டியலில் தாயின் பெயர் இருக்கிறது, சேமிப்புத் தொகையில் 500,000 ரூபாய்தான் இருக்கிறது. தாயின் 300,000 எங்கே போனது? ‘குடும்பம்’ என்று படித்தவர் இதை மென்பொருளின் கோளாறு என்பார். தாய் மகனுடைய குடும்பத்தில் ஒருவர்தானே? தாயின் முதன்மைக் குழு அவருடைய சொந்தக் குழுவாகவே குறிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் விடை. அந்தக் குறியை மகனுடைய குழுவுக்கு மாற்றினால் அங்கே தொகை 800,000 ஆகும். தாயின் தனிக் குழுவில் அவருடைய சேமிப்பு காட்டப்படாது. அவர் தினமும் எந்த வீட்டில் சாப்பிடுகிறார், எந்த முகவரிக்கு அவருக்குக் கடிதம் வருகிறது என்பதை மென்பொருள் பொருட்படுத்துவதில்லை.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இந்தப் பொருள் வலிந்து புகுத்தப்பட்டதன்று என்பது விளங்கும். வீட்டைக் குறிக்கும் ‘ஹவுஸ்’, கைக்கொள்ளுதலையும் பேணுதலையும் குறிக்கும் ‘ஹோல்டு’ ஆகிய இரண்டும் சேர்ந்து 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிய சொல் இது. இரத்த உறவு என்ற கருத்து இதன் வேரில் எங்கும் இல்லை. வீடும் அதை நடத்துவதும்தான் இருக்கின்றன. இதற்கு இனமான ஜெர்மன் சொல் ‘ஹவுஷால்ட்’ இல்லத்தையும் குறிக்கும், வரவு செலவுத் திட்டத்தையும் குறிக்கும். பிரெஞ்சில் இதற்கு நேரான ‘மெனாஜ்’, தங்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து கிளைத்தது. ஆனால் மொரீசியசின் கிரியோல் பேச்சில் மெனாஜ் என்றாலே வீட்டைத் துப்புரவு செய்யும் வேலைதான் முதலில் நினைவுக்கு வரும். வீட்டாரைச் சொல்ல ‘லகாஸ்’ என்னும் வீட்டுப் பெயரையே ஆள்வார்கள். கிரியோலில் பேசி, பிரெஞ்சில் செய்தி படித்து, ஆங்கிலத்தில் தேர்வு எழுதும் மொரீசியசுத் தமிழருக்கு இந்த ஒரு கருத்துக்கே மூன்று நான்கு சொற்கள் மனத்தில் மோதிக்கொள்வது இயல்பு.

இனித் தமிழுக்கு வருவோம். ‘குடும்பம்’ பழைய சொல்தான். குடிசெயல்வகை என்னும் அதிகாரத்தில் ‘குடும்பத்தைக் குற்ற மறைப்பான் உடம்பு’ என்று 1029ஆம் குறளில் வருகிறது. அது வடமொழியிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, ‘குடி’ என்னும் திராவிட வேரிலிருந்தே இரு மொழிகளுக்கும் சென்றது என்பாரும் உண்டு. வேர் எதுவாயினும், இன்றைய வழக்கில் குடும்பம் என்பது பிறப்பாலும் திருமணத்தாலும் அமைந்த கூட்டம். பிரான்சில் குடியேறிவிட்ட தம்பியும் குடும்பம்தான், கத்ர்போர்னில் வாழ்க்கைப்பட்ட தங்கையும் குடும்பம்தான். மென்பொருளின் குழு அவ்வளவு விரிந்ததன்று; வேறு வகையில் பார்த்தால், உறவே இல்லாத ஒருவரையும் அதில் சேர்க்க இடமிருப்பதால் குடும்பத்தைவிட நெகிழ்ந்ததும்கூட.

‘குடும்பு’ என்னும் இன்னொரு சொல்லும் கவனிக்கத் தக்கது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலையிட்டு ஆள் தேர்ந்த முறை சொல்லப்படுகிறது. அங்கே குடும்பு என்பது ஊரின் ஒரு பிரிவு. நிருவாக வசதிக்காக மனிதர்களைத் தொகுத்த அலகு. பொருளளவில் மென்பொருளின் குழுவுக்கு இது மிக அருகில் நிற்கிறது. ஆயினும் இதைக் கலைச்சொல்லாக்க நான் துணியமாட்டேன். கல்வெட்டு படித்தவர்களைத் தவிர வேறெவருக்கும் விளங்காது. எழுதினாலும் படிப்பவர் குடும்பம் என்பதன் எழுத்துப்பிழையாகவே கொள்வார். ‘இல்லம்’, ‘மனை’ என்பவை கட்டடத்தை நோக்கி இழுக்கின்றன. ‘வீட்டார்’ நல்ல சொல். ஆனால் அது ஆட்களைச் சொல்கிறதே அன்றி அவர்கள் சேர்ந்து ஆகும் அலகைச் சொல்லவில்லை.

நான் பரிந்துரைப்பது ‘குடித்தனம்’. காரைக்குடி, தூத்துக்குடி என்னும் ஊர்ப்பெயர்களில் வாழிடமாகவும், ‘நல்ல குடியில் பிறந்தவர்’ என்னும்போது மரபாகவும், குடிமக்கள் என்னும்போது நாட்டில் வாழ்வோராகவும் நிற்கும் ‘குடி’யோடு, தன்மையைக் காட்டும் ‘தனம்’ என்னும் ஈறு சேர்ந்தது இச்சொல். இந்தத் தனம் பிள்ளைத்தனம், பெரியதனம் என்பவற்றில் வரும் தனமே. செல்வத்தைக் குறிக்கும் தனம் அன்று. குடியாக இருந்து வாழ்வை நடத்தும் தன்மைதான் குடித்தனம். ‘குடித்தனம் நடத்துகிறாள்’ என்றால் வரவு செலவைப் பார்த்து வீட்டை நடத்துகிறாள் என்று பொருள். ‘தனிக்குடித்தனம் போனார்கள்’ என்றால் உறவு முறிந்தது என்று பொருளில்லை, அடுப்பும் பணப்பையும் தனியாயின என்றே பொருள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஐக்கிய நாடுகள் அவை வகுத்த விளக்கமும் இதையே சொல்கிறது: உணவுக்கும் பிற இன்றியமையாத தேவைகளுக்கும் சேர்ந்து வழிசெய்துகொள்பவர்கள் ஒரு ஹவுஸ்ஹோல்டு. ரோஸ்ஹில் லாகூரில் குடும்பம் ஒன்று, குடித்தனங்கள் இரண்டு என்று தமிழில் சொன்ன உடனேயே மேலே கேட்ட வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

இச்சொல்லிலும் குறை உண்டு. தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் ‘குடித்தனக்காரர்’ என்றால் வாடகைக்கு இருப்பவர். மொரீசியசிலோ, பேச்சில் தமிழ் அருகி, கோயிலிலும் பள்ளியிலும் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும் கற்கும் மொழியாகவே பெரிதும் நிற்பதால், இந்தச் சொல்லையே புதிதாகக் கேட்பவர்கள் இருப்பார்கள். வாடகைப் பொருளின் நிழல் அவர்கள் மேல் விழாது என்பது ஒருவகையில் நன்மையே.

குடித்தனத்தின் மொத்தத் தொகை சட்டப்படியான உடைமையைக் காட்டுவதில்லை என்பதையும் படிப்பவர் மனத்தில் வைக்க வேண்டும். மொரீசியசின் உரிமையியல் சட்டம் பிரெஞ்சுச் சட்டத்தொகுப்பின் வழிவந்தது. மணமக்கள் தங்கள் சொத்தைப் பொதுவாகவும் வைத்துக்கொள்ளலாம், தனித்தனியே பிரித்தும் வைத்துக்கொள்ளலாம். சொத்தைப் பிரித்து வைத்து மணந்த தம்பதியரையும் மென்பொருளில் ஒரே குடித்தனமாக்கித் தொகையைத் திரட்டலாம். அதனால் கணவரின் முதலீட்டில் மனைவிக்கோ, மனைவியின் சேமிப்பில் கணவருக்கோ உரிமை எதுவும் பிறப்பதில்லை. அவ்வாறே, ஒருவரைக் குழுவில் சேர்ப்பது வேறு, அவருடைய பதிவை இன்ன ஊழியர் பார்க்கலாம் என அனுமதிப்பது வேறு. பின்னதற்கு மென்பொருளில் தனி ஏற்பாடு இருக்கிறது. வங்கி இரகசியத்தைக் காக்கும் 2004ஆம் ஆண்டு வங்கிச் சட்டமும் 2017ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ள நாட்டில், தாயையும் மகனையும் ஒரு குடித்தனமாகக் கட்டிவிட்டதால் மகனிடம் தாயின் கணக்கைப் பற்றிப் பேசலாம் என்று ஆலோசகர் எண்ணினால் வம்பு வரும்.

குடித்தனம் என்பதை ஏற்றால் துணைச் சொற்கள் தாமாகவே அமைகின்றன. முதன்மைக் குழுவை முதன்மைக் குடித்தனம் என்றும், முதன்மை உறுப்பினரைக் குடித்தனத் தலைவர் என்றும், உறுப்பினர்களின் கணக்குகளிலிருந்து கூடி வரும் தொகையைக் குடித்தனத் திரட்டு என்றும் சொல்லலாம். ‘தலைவர்’ என்றால் ஆண்பிள்ளை என்று எண்ணும் பழக்கம் இன்னும் போகாததால், ‘முதல் உறுப்பினர்’ என்பதையும் மாற்றாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. திருமணமான மகனுடைய முதன்மைக் குழுவைப் பெற்றோர் குழுவிலிருந்து அவனுடைய புதிய குழுவுக்கு மாற்றும் செயலுக்கு மட்டும் புதுச்சொல் எதுவும் தேட வேண்டியதில்லை. அதன் பெயர் தனிக்குடித்தனம் வைத்தல்.