தொன்மம்: ‘மித்’ என்பதற்குச் சரியான தமிழ்ச்சொல்

தெய்வங்களையும் புராண மாந்தரையும் இன்றைய வாழ்க்கைக்குள் இறக்கி எழுதும் நாவல்களை ‘மித்தலாஜிக்கல் ஃபேன்டஸி’ என்கிறார்கள். இதில் வரும் ‘மித்’ என்ற சொல்லைக் ‘கட்டுக்கதை’ என்று பெயர்ப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கட்டுக்கதை என்றாலே பொய் என்று ஆகிவிடுகிறது. ‘மித்’தின் மூலமான ‘மூத்தோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கோ, பேச்சு, சொல்லப்பட்ட கதை என்றுதான் முதற்பொருள்.

தமிழில் இதற்குத் தொன்மம் என்ற சொல் இருக்கிறது. தொல், தொன்மை என்ற வேரில் பிறந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் எட்டு வனப்புகளில், அதாவது நூலுக்குரிய அழகுகளில், ஒன்றாகத் தொன்மையைச் சொல்லி, ‘உரையொடு புணர்ந்த பழமை மேற்றே’ (உரையோடு சேர்ந்து வரும் பழங்கதை) என்று விளக்குகிறது. அதே எட்டில் ‘விருந்து’ என்பதும் ஒன்று. புதிதாகப் புனைவது என்று பொருள். தொன்மையை எடுத்து விருந்தாக்குவதுதான் இந்த நாவல்கள் செய்கிற வேலை. ஆகவே இவ்வகைக்குத் தொன்மப் புனைவு என்ற பெயர் பொருந்தும். ஃபேன்டஸிக்குப் பொதுவாக வழங்கும் மிகைபுனைவு, மிகுபுனைவு இரண்டில் எனக்குப் பின்னதே பிடிக்கும். ‘மிகை’ என்றால் வேண்டாத கூடுதல் என்ற நெடி வந்துவிடுகிறது.

சரி, தொன்மம் ஏன் பொய்யாகாது? மதுரைக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர்மலைப் பெருமாளான அழகர் ஏன் வைகைக்கு வருகிறார் என்று கேட்டால், மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க என்று தலபுராணம் சொல்லும். ஆற்றங்கரையில் நிற்கும் அப்பத்தாவோ, “தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு வந்தாரு, அதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சுபோச்சு, கோவிச்சுக்கிட்டு வண்டியூருக்குப் போயிட்டாரு” என்பார். வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்பதும் மக்கள் சொல்லும் கதை. மலையிலிருந்து கள்ளர் கோலத்தில் கிளம்பி வரும் பெருமாள், சைவத் தங்கை, முஸ்லிம் நாச்சியார் என்று ஒரு ஊரே தன்னை யார் என்று சொல்லிக்கொள்ளும் கதை இது. இதில் எது நிஜம் என்று கேட்பதைவிட, யார் யாரைச் சொந்தம் என்கிறார்கள் என்று கேட்க வேண்டும். நல்ல தொன்மப் புனைவு அந்த இடத்தைத்தான் தொடும். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தில், சீதையை இராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிறாள். பழைய கதையில் இல்லாத அந்த ஒரு முடிவால் நம் வீட்டுப் பெண்களின் கேள்வி உள்ளே வந்துவிடுகிறது.

இப்படி எழுதப்படக் காத்திருப்பவள் தடாதகை, பாண்டியன் மகளாகப் பிறந்த மீனாட்சி. மூன்று முலைகளோடு பிறந்து, முடிசூடி, கயிலை வரை படை நடத்திப் போனவள். சிவனைக் கண்டதும் ஒரு முலை மறைந்தது என்கிறது திருவிளையாடல். போர் அங்கே நின்றது, அரசு நிற்கவில்லை. இன்றும் சித்திரையில் பட்டாபிஷேகம் செய்துகொண்டு ஆவணி வரை நான்கு மாதம் மதுரையை ஆள்பவள் மீனாட்சிதான்.