லா ரிவ்யூ கிடைக்கவில்லை என்று கிளார்க்ஷிப்பைக் கைவிடாதீர்கள்

அமெரிக்காவில் சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளிடமிருந்தும் அவர்களைவிட அதிகமாகப் பெற்றோரிடமிருந்தும் வருடாவருடம் எனக்கு ஒரே கேள்வி வருகிறது. "லா ரிவ்யூவில் எடுக்கவில்லை, இனி நீதிபதியிடம் கிளார்க்ஷிப் அவ்வளவுதானா?" லா ரிவ்யூ என்பது சட்டக் கல்லூரியில் மாணவர்களே நடத்தும் சட்ட ஆய்விதழ். கிளார்க்ஷிப் என்பது நீதிபதிக்கு ஆராய்ச்சியிலும் எழுத்திலும் உதவும் லா கிளார்க் வேலை. இந்த வருடம் கேட்டவன் நியூஜெர்சிப் பையன். வகுப்பில் முதல் கால்வாசிக்குள் இருக்கிறான். சிவில் ப்ரொசீஜர் (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) நடத்திய பேராசிரியர் தானே முன்வந்து பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியும் ஒரு நீதிபதிக்குக்கூட விண்ணப்பிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "லா ரிவ்யூ இல்லையே அக்கா" என்கிறான். நீதிபதிகள் கிளார்க்குகளை எடுக்கும் ஜூன் மாதச் சுற்று முடிந்த பிறகு வந்து நிற்கிறான். ஒருவர் இப்படி வந்தால் வருத்தமாக இருக்கும். வருடாவருடம் வந்தால் கோபம்தான் வருகிறது.

நான் ஃபெடரல் (மத்திய அரசின்) மாவட்ட நீதிபதி ஒருவரிடம் லா கிளார்க்காக இருந்தவள். இப்போது வழக்குகளுக்கு நடுவே மாணவர்களின் விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். அதனால் இதை அழுத்திச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு: லா ரிவ்யூ கட்டாயம் என்று எந்த விதியும் இல்லை. ஃபெடரல் நீதித்துறை வகுத்திருக்கும் தகுதி விதியை ஒருமுறையாவது படியுங்கள். வேலையில் சேரும்போது சட்டப் படிப்பை முடித்திருக்க வேண்டும். அதோடு நான்கில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். வகுப்பில் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது ஒன்று, லா ரிவ்யூவின் ஆசிரியர் குழுவில் இருந்த அனுபவம் இன்னொன்று, எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்புப் பட்டம் மற்றொன்று. இவை எதுவுமே இல்லாவிட்டாலும், இவற்றுக்குச் சமமான சட்டத் திறமை உங்களிடம் இருப்பதாக அந்த நீதிபதி கருதினால் அதுவே போதும். கடைசி வழியை மறுபடி படியுங்கள். முடிவு நீதிபதியின் கையில் இருக்கிறது. அந்தப் பையன் முதல் வழியிலேயே தகுதி பெற்றுவிட்டான். இரண்டாவது இல்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

நீல் கோர்சச்சும் பராக் ஒபாமாவும் ஹார்வர்டில் ஒரே வருடம், 1991இல் பட்டம் பெற்றவர்கள். ஒபாமா ஹார்வர்ட் லா ரிவ்யூவின் தலைவராகவே இருந்தார், ஆனால் கிளார்க்ஷிப் பக்கம் போகவில்லை. கோர்சச் வேலை பார்த்தது அதே பள்ளியின் வேறொரு சட்ட இதழில். அவர் முதலில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் பிறகு உச்ச நீதிமன்றத்திலும் கிளார்க்காக இருந்து, பின்னாளில் அங்கேயே நீதிபதியாகவும் ஆனார். எல்லாருக்கும் இப்படி அமையும் என்று சொல்லவில்லை. லா ரிவ்யூவும் கிளார்க்ஷிப்பும் ஒன்றுக்கொன்று பூட்டும் சாவியும் அல்ல என்றுதான் சொல்கிறேன்.

லா ரிவ்யூவுக்கு மதிப்பே இல்லை என்றும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உச்ச நீதிமன்றம், வாஷிங்டன் டி.சி., நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், மன்ஹாட்டன் மாவட்ட நீதிமன்றம் இங்கெல்லாம் அது நிஜமாகவே எடைபோடும். சில நீதிபதிகள் அது இல்லாத விண்ணப்பத்தைத் திறப்பதே இல்லை. ஆனால் நாட்டில் 94 ஃபெடரல் மாவட்டங்கள் இருக்கின்றன. மாணவர்கள் விண்ணப்பிக்க நினைக்கும் நீதிமன்றங்கள் என்று என்னிடம் கொண்டுவரும் பட்டியல்களைப் பார்த்தால் மூன்று நகரங்களுக்கு மேல் இருக்காது. டெக்சாஸ் எல்லையில் லரேடோ, மெக்காலன் நீதிமன்றங்கள் இருக்கின்றன. வடக்கு டகோட்டாவில் ஃபார்கோ இருக்கிறது. குளிருக்கும் தூரத்துக்கும் பயந்து யாரும் அவற்றை எழுதுவதில்லை. மாஜிஸ்ட்ரேட் நீதிபதிகளும் திவால் நீதிமன்ற நீதிபதிகளும் கிளார்க் வைத்துக்கொள்கிறார்கள். வரி நீதிமன்றம் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் கைதிகள் தாங்களே போடும் மனுக்களைப் பார்ப்பதற்கென்றே பல மாவட்டங்களில் தனி லா கிளார்க்குகள் இருக்கிறார்கள். அந்த மனுக்களில் ஒரு வருடம் உழன்றவருக்கு அரசியலமைப்புச் சட்டம் பாடப் புத்தகத்தைவிட நன்றாகப் புரியும். மாநில நீதிமன்றங்களும் உண்டு. நியூஜெர்சி சுப்பீரியர் கோர்ட்டில் விசாரணை நீதிபதிகளே தலைக்கு ஒரு கிளார்க் வைத்துக்கொள்கிறார்கள். அதே நியூஜெர்சியில் எடிசனில் வீட்டை வைத்துக்கொண்டு பலருக்கு இது தெரியவே இல்லை.

சரி, நீதிபதி என்னதான் பார்க்கிறார்? சேம்பர்ஸில் (நீதிபதியின் அலுவலகத்தில்) நடந்ததை வெளியே பேசக் கூடாது, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். மதிப்பெண் பட்டியல் முதலில் வரும். அடுத்து கடிதங்கள். அதற்குப் பிறகு, பலரை ஜெயிக்க வைப்பதும் தோற்கடிப்பதும் ரைட்டிங் சாம்பிள்தான், அதாவது விண்ணப்பத்தோடு அனுப்பும் உங்கள் சொந்த எழுத்து மாதிரி. போன வருடம் ஒரு மாணவி 28 பக்கக் கருத்தரங்குக் கட்டுரையைக் கொண்டுவந்தாள். பக்கத்துக்குப் பாதி அடிக்குறிப்பு. முதல் நான்கு பக்கங்களில் கேள்வி என்னவென்றே தெரியவில்லை. "வேறு என்ன எழுதியிருக்கிறாய்?" என்றேன். சட்டக் கல்லூரியின் சட்ட உதவி கிளினிக்கில் ஒரு குடித்தனக்காரருக்காக எழுதிய 11 பக்க மெமோவை (சட்டக் குறிப்பை)த் தயங்கித் தயங்கி எடுத்தாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கொடுத்த நோட்டீஸ் செல்லுமா என்பதுதான் கேள்வி. முதல் பத்தியிலேயே கேள்வி, பதில், காரணம் மூன்றும் இருந்தன. எதிர்த் தரப்புக்குச் சாதகமான தீர்ப்பை மறைக்காமல் எடுத்துவைத்து, அது ஏன் இங்கே பொருந்தாது என்று இரண்டே வாக்கியங்களில் சொல்லியிருந்தாள். லா கிளார்க் தினமும் செய்கிற வேலை அதுதான். கிளினிக்கில் அனுமதி வாங்கி, கட்சிக்காரரின் பெயரை அழித்து, அதையே அனுப்ப வைத்தேன். இன்னொன்று, லா ரிவ்யூவில் அச்சான கட்டுரை பல கைகள் திருத்தியது. அது நீதிபதிகளுக்கு நன்றாகத் தெரியும்.

லா ரிவ்யூ இல்லாதவர்கள் இரண்டாம் ஆண்டில் செய்ய வேண்டியது இது. ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேருங்கள், இல்லையென்றால் அவர் மேற்பார்வையில் ஒரு நீண்ட கட்டுரை எழுதுங்கள். எழுத்தும் கடிதமும் ஒரே இடத்தில் கிடைக்கும். "வகுப்பில் ஏ வாங்கினான், நல்ல பையன்" என்ற கடிதத்தால் பயனில்லை. உங்கள் வரைவை மூன்று முறை திருப்பி அனுப்பியவர் எழுதும் கடிதத்துக்குத்தான் மதிப்பு. நீதிபதி ஒருவரின் அலுவலகத்தில் ஒரு செமஸ்டர் எக்ஸ்டர்ன்ஷிப் (படிக்கும்போதே செய்யும் பயிற்சி வேலை) செய்யுங்கள். மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றப் போட்டி), லா ரிவ்யூவுக்கு அடுத்த நிலையில் உள்ள சட்ட இதழ் எதையும் அலட்சியமாகத் தள்ளாதீர்கள்.

தேதியைத் தவறவிடாதீர்கள். பல ஃபெடரல் நீதிபதிகள் ஒரு பொதுத் திட்டத்தின்படி இரண்டாம் ஆண்டு முடிந்த ஜூனில்தான் ஆஸ்கர் என்ற இணையத்தளம் வழியாக விண்ணப்பங்களைப் பார்க்கிறார்கள். எல்லாரும் அந்தத் திட்டத்தில் இல்லை, சிலர் முன்பே எடுத்துவிடுகிறார்கள். அதனால் மார்ச்சுக்குள் கடிதங்களைக் கேட்டுவிடுங்கள். அப்புறம், வேலை கொடுத்தால் போக மாட்டேன் என்று நினைக்கும் நீதிபதிக்கு விண்ணப்பிக்கவே கூடாது. நீதிபதி கொடுத்த வாய்ப்பை மறுப்பது இந்தத் தொழிலில் பெரிய மரியாதைக் குறைவு. அது உங்கள் கல்லூரியில் அடுத்து வருகிறவர்களையும் பாதிக்கும்.

நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது குடியுரிமை. ஃபெடரல் நீதிமன்றங்களில் சம்பளத்துடன் வேலை பார்க்க, பொதுவாகக் குடியுரிமையோ, கிரீன் கார்டோடு குடியுரிமை பெறும் முயற்சியோ இருக்க வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர்களும், தமிழ்நாட்டிலிருந்து எல்.எல்.எம். படிக்க வரும் வழக்கறிஞர்களும், பெற்றோரின் ஹெச்-1பி வேலை விசாவை நம்பி ஹெச்-4 சார்பு விசாவில் இருக்கும் பிள்ளைகளும் இதை முதல் வருடமே விசாரித்துவிடுங்கள். மாநில நீதிமன்றங்களின் விதிகள் வேறு, தனித்தனியாகக் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஸ்ரீ சீனிவாசனைப் பார், திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை, ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிபதியாகிவிட்டார் என்று சாப்பாட்டு மேஜையில் தினமும் சொல்லாதீர்கள். அவரைப் பற்றிப் பெருமைப்படுங்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் லா ரிவ்யூ முடிவு வந்த வாரத்தில் தயவுசெய்து வேண்டாம். அந்த வாரம்தான் பிள்ளைகள் தங்களைத் தாங்களே நிராகரித்துக்கொள்கிறார்கள்.

ஜூனைத் தவறவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. அந்த ஜூன் கட்டுப்பாடு படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும்தான், பட்டம் வாங்கியவர்களுக்கு இல்லை. ஓரிரு வருடம் வேலை பார்த்தவர்களையே தேடும் நீதிபதிகள் நிறைய இருக்கிறார்கள். பார் பரீட்சையெழுதி வழக்கறிஞராகப் பதிவு செய்யுங்கள், நீங்களே எழுதிக் கோர்ட்டில் தாக்கல் செய்த மோஷன் (மனு) ஒன்றைப் பத்திரமாக வைத்திருங்கள், பேராசிரியரின் கடிதத்தோடு மேலதிகாரியிடமும் ஒரு கடிதம் வாங்குங்கள், காலியிடம் வரும்போது போடுங்கள். மூன்று நகரங்களுக்கு மட்டும் போடாதீர்கள்.