விடுதிக் கட்டிலுக்கு வந்த பாம்பன் அடுப்படி

பாம்பன் பக்கத்துப் பிள்ளை. கோயம்புத்தூரில் பொறியியல் முதலாண்டு. காய்ச்சல் என்று சொல்லி ஊருக்கு வந்தவளை அவளுடைய தாய் என்னிடம் அழைத்து வந்திருந்தார். தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, புத்தகத்தைத் திறந்தால் கண் கலங்குகிறது.

இரவுச் சாப்பாடு எப்படிப் போகிறது என்று கேட்டேன். உணவுக்கூடத்தில் உட்காருவதே இல்லையாம். தட்டை அறைக்கு எடுத்து வந்து, கட்டிலில் அமர்ந்து, கைப்பேசியைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொள்வாள். அந்தப் பக்கம் அம்மா தன் கைப்பேசியை உப்புச் சாடியில் சாய்த்துவிட்டுக் கணவாய் மீன் ஆய்ந்துகொண்டிருப்பார். பேச்சு அதிகம் கிடையாது. விரலில் கறுப்பு மை வழிவதையும் குழம்பு கொதிப்பதையும் பார்த்துக்கொண்டே இவள் விடுதி ரசத்தைப் பிசைவாள். இப்படி ஒன்றரை மணி நேரம்.

"பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு எந்த ஊர்?" என்றேன். தெரியவில்லை. சேர்ந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

இராமநாதபுரத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். கல்லூரி திறந்து இரண்டு மாதம் ஆனதும் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம் என்று கரையோர ஊர்களிலிருந்து இப்படிப்பட்ட பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். ஊர் ஏக்கம் புதிய நோவு ஒன்றும் இல்லை. 1688இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் இதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தபோது அவர் சொன்ன கதைகளில் ஒன்று, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து அதே நாட்டின் பாசலுக்குப் படிக்கப் போய்ப் படுத்த படுக்கையான மாணவனுடையது. ஊருக்குத் திரும்பக் கிளம்பியதுமே அவன் தேறத் தொடங்கினான். இடையிலிருந்த தூரம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். ஆகவே, "கோயம்புத்தூர் என்ன வெளிநாடா?" என்று பிள்ளையை அதட்டும் தந்தைமாருக்கு இந்தக் கதையை நான் தவறாமல் சொல்வதுண்டு.

பண்பாட்டு அதிர்ச்சி என்பதைப் பரவலாக்கியவர் மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க். 1954இல் அவர் ஆற்றிய உரையின் சாரம் எளிமையானது: எப்போது கைகுலுக்குவது, ஒருவரைச் சந்தித்தால் என்ன சொல்வது என்று நமக்குத் தெரிந்த சின்னச் சின்ன அடையாளங்கள் தொலைந்துபோவதால்தான் பதற்றம் வருகிறது. நம் பிள்ளைகளுக்கு அது நடக்க விமானம் ஏற வேண்டியதில்லை. வாயைத் திறந்ததும் "நீ சிலோனா?" என்று கேட்பார்கள். பெட்டியில் கருவாடு இருந்தால் அறையே மூக்கைப் பொத்தும். அடுத்த வாரத்திலிருந்து பிள்ளை பேசுவதைக் குறைத்துக்கொள்ளும்.

இங்கேதான் கைப்பேசி நுழைகிறது. காசு தீருமுன் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்த எஸ்.டி.டி. காலத்துப் பிள்ளைக்குப் பக்கத்துக் கட்டிலோடு பேசுவதைத் தவிர வழி இருக்கவில்லை. இப்போது தொலைந்த அடையாளங்கள் எல்லாம் திரையில் கிடைக்கின்றன. புதியவற்றைக் கற்கும் அவசியம் தள்ளிப்போகிறது. கைப்பேசியை நான் குறை சொல்லவில்லை. வாரம் முழுவதும் வாடிக் கிடந்த பையனைப் பாட்டியின் குரல் ஐந்தே நிமிடத்தில் நிமிர்த்தியதைப் பார்த்திருக்கிறேன். எந்த நேரத்தைத் திரை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் என் கேள்வி. உணவுக்கூடத்தில் நட்பு துளிர்க்கும் அந்த ஒரு மணி நேரத்தை அது தின்றால் சிக்கல்.

அந்தத் தாயிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: அழைப்பைச் சாப்பாட்டுக்குப் பின், இரவு ஒன்பதுக்கு, இருபது நிமிடமாக மாற்றுங்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளை சாப்பிடுவதைக்கூட நான் பார்க்கக் கூடாதாம்மா?" நியாயமான கோபம். முதல் பத்து நாள் அவருக்குத்தான் அதிகக் கஷ்டமாக இருந்தது.

நான் தவறியதும் உண்டு. ராமேசுவரத்து விசைப்படகுக் குடும்பத்துப் பையன் ஒருவனிடம், ஒரு வாரம் கைப்பேசியை அணைத்து வை என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள், இலங்கைக் கடற்படை படகுகளைச் சிறைபிடித்த செய்தி நண்பனின் வாட்ஸ்அப் வழியாக அவன் காதுக்கு வந்தது. அப்பாவை அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. யாரிடமும் சொல்லாமல் இரவு பஸ் பிடித்து வந்துவிட்டான். அப்பா அந்தப் படகுகளில் இல்லை. கரையிலிருந்து சில கடல் மைல் தாண்டினால் அலைவரிசை கிடைக்காது என்பது அவன் பிறந்ததிலிருந்து அறிந்ததுதான். ஆனால் வீட்டுத் திண்ணையில் அம்மாவோடு சேர்ந்து காத்திருப்பது வேறு, விடுதியில் தனியே திரையைத் தேய்த்துக்கொண்டு காத்திருப்பது வேறு. கடற்கரைப் பிள்ளைக்குப் பொதுவான அறிவுரை பொருந்தாது என்று அன்று கற்றேன்.

இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா கரையில் இருப்பார், வலை பழுது பார்ப்பார், நேரத்துக்கு நேரம் அழைப்பார். அங்கே செமஸ்டர் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும். அந்த அழைப்புகளை மாலைக்கு ஒதுக்கச் சொல்வேன்.

சில வாரங்களில் ஏக்கம் தணியாமல், உணவும் உறக்கமும் குலைந்து, வகுப்புக்கே போகாமல் இருந்தால் அதை வெறும் ஊர் நினைப்பு என்று விட்டுவிடாதீர்கள். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

அந்த ராமேசுவரத்துப் பையன் வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு. படகு கடலுக்குப் போன மறுநாள் காலை, அண்ணன் மட்டும் ஒரு வரி அனுப்புவார்: "கரை சேர்ந்துவிட்டார்." அதைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போகிறானாம்.