லேசர் ஹேச்சிங் எல்லோருக்கும் தேவையா?

"ரிப்போர்ட்ல 4ஏஏன்னு போட்டிருக்கு, வேற ஒருத்தருக்கு 5ஏஏ வந்துதாம். எங்க கரு பின்தங்கிடுச்சா?" ஐவிஎஃப் ஆய்வகத்தில் கருக்களைப் பார்த்துக்கொள்கிற எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. இல்லை, பின்தங்கவில்லை. அந்த எண் வளர்ச்சி நிலையை மட்டும் சொல்கிறது. 4 என்றால் கரு நன்றாக விரிந்திருக்கிறது, 5 என்றால் தன்னைச் சுற்றியிருக்கும் உறையை விட்டு வெளியேறத் தொடங்கிவிட்டது, 6 என்றால் முழுதாக வெளியே வந்துவிட்டது. தரத்தைச் சொல்பவை பின்னால் வரும் எழுத்துகள். இப்படி உறையை விட்டு வெளியேறுவதுதான் ஹேச்சிங். அதற்கு உதவ, ஆய்வகத்தில் லேசரால் உறையில் சிறு துளை போடுவது லேசர் ஹேச்சிங்.

அந்த உறையின் பெயர் ஜோனா பெலுசிடா. ஒரு விந்தணு நுழைந்ததும் மற்றவை நுழையாமல் தடுப்பதும், பிரியும் செல்கள் சிதறாமல் காப்பதும், கருக்குழாயில் கரு ஒட்டிக்கொள்ளாமல் கருப்பைக்குப் போய்ச் சேர உதவுவதும் இதுதான். கருப்பைக்கு வந்தபின் அதுவே தடையாகிவிடும். வெளியே வராத கருவின் செல்கள் கருப்பையின் உட்சுவரைத் தொடவே முடியாது.

மைக்ரோஸ்கோப்பில் இதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஐந்தாம் நாளில் கருவுக்குள் திரவம் சேர்ந்து அது உப்புகிறது. திடீரெனச் சுருங்கி, சில மணி நேரத்தில் மறுபடி விரிகிறது. உறை மெலிந்துகொண்டே போய், ஓரிடத்தில் விலகி, நான்கைந்து செல்கள் பிதுங்கி எட்டிப்பார்க்கும். மனிதக் கரு பொதுவாக ஆறு, ஏழாம் நாளில் முழுதாக வெளியேறுகிறது. இதில் உள்ளழுத்தத்தோடு நொதிகளுக்கும் பங்கு உண்டு. ஹாம்ஸ்டர் கருவில் நொதிகளே உறையை மொத்தமாகக் கரைத்துவிடுகின்றன.

வெளியே வந்துவிட்டாலே கரு ஒட்டிவிடும் என்று நினைக்க வேண்டாம். பசுவின் கரு எட்டிலிருந்து பத்தாம் நாளுக்குள் உறையை விடுகிறது. ஆனால் உடனே ஒட்டுவதில்லை. நூல்போல நீண்டு, 16ஆம் நாளையொட்டி இன்டர்ஃபெரான் டவ் என்ற புரதத்தைச் சுரந்து 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தாய்க்குத் தெரிவித்து, மூன்றாவது வாரத்தின் கடைசியில்தான் கருப்பையைப் பற்றத் தொடங்குகிறது. குதிரைக் கரு 16ஆம் நாள் வரை கருப்பைக்குள் உலாவிக்கொண்டே இருக்கும். வெளியேறுவது ஒரு கட்டம், ஒட்டுவது இன்னொரு கட்டம்.

மனிதர்களிலும் அப்படித்தான். கருப்பை கருவை ஏற்றுக்கொள்ளும் காலம் சில நாட்கள்தான். எல்லாம் சரியாக இருந்தும் கரு ஒட்டாமல் போவதற்கு முக்கியக் காரணம் குரோமோசோம் குறைபாடு. பெண்ணின் வயது கூடக்கூட அது அதிகமாகிறது. உறையை விட்டு வெளிவராத கரு பெரும்பாலும் செல்கள் குறைந்து, வலுவிழந்து இருக்கும். துளை போட்டுக் கொடுப்பதால் அந்த வலு வந்துவிடாது.

அப்படியும் துளை போடுகிறோமே, ஏன்? 1990 வாக்கில் இந்த உத்தி வந்தபோது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. அப்போது அமிலம், இப்போது லேசர். ஆனால் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வில், குழந்தைப் பேறு கூடுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரட்டைக் கர்ப்பம் கூடலாம் என்றுதான் தெரிந்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு இதைப் பரிந்துரைப்பதில்லை, அமெரிக்க இனப்பெருக்க மருத்துவ சங்கமும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்கிறது. துளை சிறிதாகிவிட்டால் கரு '8' என்ற எண்ணின் வடிவில் பாதி உள்ளே, பாதி வெளியே மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

மரபணுப் பரிசோதனைக்குச் செல் எடுக்கும்போது உறையைத் திறந்தே ஆக வேண்டும், அது வேறு விஷயம். உறை வழக்கத்தைவிடத் தடிமன், பலமுறை தோல்வி என்று மருத்துவர் காரணம் சொன்னால் கேட்டுப் பேசுங்கள். 'எல்லோருக்கும் செய்கிறோம்' என்று மட்டும் சொன்னால், "என் கருவில் என்ன பார்த்தீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். அப்புறம், லேசர் செய்த இரண்டு கருக்களைச் சேர்த்து வைக்கலாம் என்றால், இரட்டைக் கர்ப்பத்தின் ஆபத்துகளைப் பேசி முடித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.