குழாயைத் திறந்ததும் மோட்டார் ஓடுவது எப்படி?

2022 ஏப்ரல் வெள்ளம் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே டோங்காட் நகரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சிதைத்தபோது, நம்மவர்கள் பலர் வாழும் அந்த ஊரில் மாதக்கணக்கில் குழாய்கள் வறண்டன. சொந்த ஆழ்துளைக் கிணறு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அப்படிப்பட்ட நாட்களில்தான் புரியும். அந்தக் கிணற்று மோட்டாரை ஆள்வது உள்ளங்கை அளவுள்ள பிரஷர் சுவிட்ச்.

அதன் அடியில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. குழாய்நீரின் அழுத்தம் அதை மேலே தள்ளும். மேலிருந்து ஒரு சுருள்வில் எதிர்த்து அழுத்தும். அழுத்தம், உதாரணமாக, 1.4 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இறங்கினால் வில்லின் கை ஓங்கி, மின்சாரத்தை இணைக்கும் தொடுமுனைகள் சேர்ந்து மோட்டார் ஓடும். 2.8 பாரை எட்டியதும் அவை சட்டென்று விலகும். இந்த இடைவெளிதான் மோட்டாரின் ஆயுள். கிளம்பும் ஒவ்வொரு முறையும் மோட்டார் வழக்கத்தைப்போல் ஐந்து மடங்கோ அதற்கு மேலோ மின்னோட்டத்தை இழுக்கிறது. அடிக்கடி கிளம்பினால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடாகிக் கருகும், தொடுமுனைகளும் தீய்ந்துபோகும்.

தண்ணீரை அமுக்கிச் சேமிக்க முடியாது, காற்றை முடியும். குழாயோடு இணைந்த அழுத்தத் தொட்டியில் காற்று இருப்பது அதனால்தான். மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்த பிறகு, அந்தக் காற்று 1.4 பாருக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். காற்று கசிந்துவிட்டால் மோட்டார் சில நொடிகளுக்கு ஒருமுறை நின்று நின்று ஓடும். பலரும் உடனே சுவிட்சை மாற்றுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தொட்டியை.

இனி இணைப்பு. சுவிட்சுக்குள் தனித்தனியே இரண்டு ஜோடித் தொடுமுனைகள் உண்டு. 230 வோல்ட் லைவ் ஒரு ஜோடி வழியாகவும், நியூட்ரல் மற்றொன்றின் வழியாகவும் மோட்டாருக்குப் போக வேண்டும். ஒரே ஜோடியின் இரு முனைகளில் லைவையும் நியூட்ரலையும் மாட்டினால், தொடுமுனைகள் சேரும் கணத்தில் நேரடி ஷார்ட் சர்க்யூட்! முனைகளின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால் மூடியின் உட்புறப் படத்தைப் பார்த்தே தீர வேண்டும். எர்த் கம்பி தொடுமுனைகள் வழியே போகவே கூடாது. அது எங்கும் அறுபடாமல் மோட்டார்வரை செல்ல வேண்டும். தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி தேவைப்படும் நீர்மூழ்கி மோட்டார் என்றால், சுவிட்ச் அந்தப் பெட்டிக்கு முன்னால் வரும். தென்னாப்பிரிக்காவில் இந்த வேலைக்குப் பதிவுபெற்ற மின்பணியாளரின் சான்றிதழ் வேண்டும்.

கூடுதல் வேகத்தில் தண்ணீர் வரட்டும் என்று சுவிட்சின் வில்லை இறுக்கும் திருகாணியை இஷ்டத்துக்கு இறுக்காதீர்கள். பம்ப் எட்ட முடியாத அழுத்தத்தில் நிற்கும்படி அமைத்துவிட்டால், எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் மோட்டார் நிற்காது. நகர வழியில்லாத நீர் பம்புக்குள்ளேயே சூடேறி, அடைப்புவளையங்களைக் கெடுத்துவிடும்.