ஜன்னல் கண்ணாடி பறவையை எப்படி ஏமாற்றுகிறது?

பறவைகள் கண்ணாடியில் மோதிச் சாகின்றன என்றால், பலருக்கும் பெருநகரத்து வானளாவிய கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். உண்மைக் கணக்கு வேறு. அமெரிக்காவில் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் கட்டடங்களில் மோதி இறப்பதாக 2014-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் வானளாவிய கட்டடங்களின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. மூன்று மாடிக்கு மேற்படாத குடியிருப்புகளின் பங்கு சுமார் 44 சதவீதம். ஒரு வீட்டில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பறவைகள்தான் சாகின்றன. வீடுகளோ கோடிக்கணக்கில் இருக்கின்றன.

சாதாரண ஜன்னல் கண்ணாடி தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். இவ்வளவு குறைவான ஒளியால் என்ன ஆகிவிடும்? பகலில் வெளியே வெயில் அடிக்கிறது, அறைக்குள் மங்கலாக இருக்கிறது. உள்ளேயிருந்து வரும் ஒளி அந்த 8 சதவீதத்தைவிடவும் குறைவு. அதனால் வெளியே இருந்து பார்த்தால் அறை தெரியாது, எதிரே நிற்கும் மரமும் வானமும்தான் கண்ணாடியில் தெரியும். பறவை அந்த மரத்தில் உட்காரத்தான் பறந்து வருகிறது. வீட்டு மூலையில் இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்தால் ஆபத்து வேறு விதம். அறையைத் தாண்டி அந்தப் பக்கத்துச் செடிகள் தெரிவதால், நடுவே வழி திறந்திருப்பதாக எண்ணிப் பறவை நேராகப் பாயும். ஆசை ஆசையாக மரம் வளர்த்துப் பறவைகளை வரவழைப்பவர்களின் வீட்டிலேயே மோதல் அதிகம் நடக்கிறது என்பதுதான் மனதை வருத்துகிறது.

நாம் ஜன்னல் சட்டத்தையும் கைப்பிடியையும் பார்த்து, அங்கே கண்ணாடி இருப்பதை ஊகித்துக்கொள்கிறோம். பறவைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதன் கண்ணமைப்பும் கைகொடுப்பதில்லை. பெரும்பாலான சிறு பறவைகளுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. இரு கண்களாலும் சேர்ந்து பார்க்கும் முன்பகுதி குறுகலானது, கூர்மையான பார்வை பக்கவாட்டில்தான். திறந்த வெளியில் பறக்கும்போது நேர் எதிரே கண்ணுக்குத் தெரியாத கெட்டியான பொருள் ஒன்று இருக்கும் என்பதற்கு இயற்கையில் முன்னுதாரணமே கிடையாது.

தேன்சிட்டோ சிட்டுக்குருவியோ பைக் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருப்பது வேறு விஷயம். தன் உருவத்தைப் போட்டிக்கு வந்த பறவையாக நினைத்து விரட்டப் பார்க்கிறது. களைத்துப் போகுமே தவிர, அதனால் உயிர் போவது அரிது.

முழு வேகத்தில் மோதுவது அப்படியல்ல. இறந்த பறவையின் தலை தொங்குவதைப் பார்த்துக் கழுத்து ஒடிந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் சாவுக்குக் காரணம் மண்டைக்குள் கசியும் ரத்தம் என்று, 1970-களிலிருந்து இதை ஆராய்ந்துவரும் அமெரிக்கப் பறவையியலாளர் டேனியல் கிளெம் காட்டினார். அதனால்தான் கொஞ்ச நேரம் கிறங்கி உட்கார்ந்துவிட்டுப் பறந்துபோன பறவையைப் பிழைத்ததாகச் சொல்லிவிட முடியாது. சிகிச்சை மையங்களுக்குக் கொண்டுவரப்பட்ட பறவைகளைப் பற்றி 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கண்ணாடியில் மோதியவற்றில் சுமார் 60 சதவீதம் இறந்திருந்தன.

அடிபட்ட பறவையின் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாகவும் சத்தமில்லாமலும் ஓரிரு மணி நேரம் வையுங்கள். அப்புறமும் பறக்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரையோ வனத்துறையையோ நாட வேண்டும்.

வலசைக் காலத்தில், இரவில் பறக்கும் பறவைகளைக் கட்டடங்களின் பக்கம் இழுக்கும் விளக்குகளும் இந்த ஆபத்தோடு சேர்ந்துகொள்கின்றன. வடக்கிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்கத் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வரும் ஆறுமணிக்குருவி இரவில் பயணிக்கும் பறவை. களைத்துப்போய் வீடுகளுக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. சிகாகோவில் ஏரிக்கரையில் இருக்கும் மெக்கார்மிக் பிளேஸ் கண்காட்சி மையத்தைச் சுற்றி, 2023 அக்டோபர் 5 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் செத்துக் கிடந்தன. அடுத்த ஆண்டு அந்தக் கண்ணாடிகள் மீது சிறு புள்ளிகள் கொண்ட படலத்தை ஒட்டினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் சாவு சுமார் 95 சதவீதம் குறைந்தது.

புள்ளிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி சுமார் 5 சென்டிமீட்டர். சூட்சுமமே அந்த அளவில்தான் இருக்கிறது. சின்னப் பறவைகள் அடர்ந்த கிளைகளுக்கு நடுவே புகுந்து பறந்து பழகியவை. உடல் நுழையாது என்று தோன்றும் இடைவெளியை மட்டும்தான் அவை தவிர்க்கும். கண்ணாடியில் ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவது ஏன் பலிப்பதில்லை என்பதும் இதிலிருந்து புரியும். பறவை படத்தை விட்டு விலகிப் பக்கத்தில் மோதும். புள்ளியோ கோடோ, கண்ணாடி முழுக்க இருக்க வேண்டும், வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளே ஒட்டினால் வெளியே விழும் பிம்பம் அதை மறைத்துவிடும். ஜன்னலுக்கு வெளியே அடிக்கும் கொசுவலை பிம்பத்தையும் உடைக்கும், மோதினாலும் அடியைத் தாங்கிக்கொள்ளும். செலவே வேண்டாம் என்றால் சோப்புக் கட்டியால் வெளிப்பக்கம் நெருக்கமாகக் கோடு போடலாம். மழைக்குப் பிறகு மறுபடி போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பறவைகளுக்குத் தானியமும் தண்ணீரும் வைக்கும் இடமும் முக்கியம். ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்தால் பாதுகாப்பு என்று தோன்றும். கிளெமின் சோதனைகளில் 5 முதல் 10 மீட்டர் தள்ளி வைத்தபோது சாவு கூடியது, 1 மீட்டருக்குள் வைத்தபோது குறைந்தது. தட்டிலிருந்து திடுக்கிட்டு எழும் பறவைக்கு, அந்தக் குறுகிய தூரத்தில் உயிரைப் பறிக்கும் வேகம் கூடிவருவதில்லை.